பைப்பாலூட்டிகளின் மூளை: ஓர் ஆய்வின் வரலாறு

கங்காரு, கோலா, வொம்பாட், ஒப்போசம் முதலிய பைப்பாலூட்டிகளின் மூளையில், மனிதன் உட்பட நஞ்சுக்கொடிப் பாலூட்டிகளின் மூளையில் உள்ள ஒரு பகுதி இல்லை. பெருமூளையின் இடப்பாதியையும் வலப்பாதியையும் இணைக்கும் கார்பஸ் கலோசம் என்ற அகன்ற வெண்ணிற நரம்பிழைப் பட்டையே அது. மனித மூளையில் இந்தப் பட்டையில் மட்டும் ஏறத்தாழ 20 கோடி நரம்பிழைகள் உள்ளன. பைப்பாலூட்டிகளில் அது இல்லை என்பது 1837இல் லண்டனில் அறிவிக்கப்பட்டது. அந்த அறிவிப்பு சரிதானா என்று உறுதிப்பட ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஆயின. அதற்கு என்ன பொருள் என்று விளங்க மேலும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. இதற்கிடையில் பைப்பாலூட்டியின் மூளை, பாலூட்டி மூளையின் தாழ்ந்த படியாகவே எண்ணப்பட்டு வந்தது. அந்த எண்ணம் உருவான விதமும் சரிந்த விதமும் விலங்கியல் வரலாற்றில் அறியத்தக்க பகுதிகள்.

மூன்று கிளைகள்

இன்று வாழும் பாலூட்டிகள் மூன்று கிளைகளாக உள்ளன. முட்டையிட்டுப் பாலூட்டும் பிளாட்டிபஸ், எக்கிட்னா ஆகியவை ஒரு கிளை. குட்டியை மிக இளம் பருவத்திலேயே ஈன்று, பெரும்பாலும் வயிற்றுப் பையில் வைத்துப் பாலூட்டி வளர்க்கும் பைப்பாலூட்டிகள் இன்னொரு கிளை. இவற்றில் முந்நூறுக்கும் மேற்பட்ட இனங்கள் ஆஸ்திரேலியா, நியூகினி, அமெரிக்கக் கண்டங்கள் ஆகிய இடங்களில் வாழ்கின்றன. கருப்பைக்குள் நஞ்சுக்கொடி வழியே நீண்ட காலம் கருவை வளர்க்கும் நஞ்சுக்கொடிப் பாலூட்டிகள் மூன்றாவது கிளை. எலி, வௌவால், யானை, திமிங்கலம், குரங்கு, மனிதன் எல்லாம் இதில் அடங்கும். பின்னிரண்டு கிளைகளும் ஏறத்தாழ 16 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரே மூதாதையிடமிருந்து பிரிந்தன.

ஐரோப்பியர்கள் முதலில் கண்ட பைப்பாலூட்டி தென் அமெரிக்க ஒப்போசம். 1500இல் விசென்தே யானெஸ் பின்சோன் என்ற ஸ்பானிய மாலுமி, பையுடைய ஒரு பெண் விலங்கைத் தம் நாட்டு அரச அவைக்குக் கொண்டுவந்தார். 1698இல் எட்வர்ட் டைசன் என்ற ஆங்கில மருத்துவர், வர்ஜீனியாவிலிருந்து வந்த ஒப்போசம் ஒன்றை அறுத்து ஆராய்ந்து ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் விரிவாக எழுதினார். அந்தக் கால ஆய்வாளர்களின் கவனமெல்லாம் பையின் மீதும் இனப்பெருக்க உறுப்புகளின் மீதுமே இருந்தது. 1788இல் ஆஸ்திரேலியாவில் பிரிட்டிஷ் குடியேற்றம் தொடங்கிய பிறகு கங்காருவும் வொம்பாட்டும் தோலாகவும் மண்டையோடாகவும் எலும்புக்கூடாகவும் லண்டனுக்குக் கப்பலேறின. மூளை அப்படி வந்து சேரவில்லை. உயிர் போன சில மணி நேரத்தில் குழையத் தொடங்கும் உறுப்பு அது. மாதக்கணக்கில் கடலில் வரும் உடலில் ஆராயும் நிலையில் அது மிஞ்சாது.

ஓவனின் கண்டுபிடிப்பு

1828இல் லண்டன் ரீஜன்ட்ஸ் பூங்காவில் விலங்குக்காட்சிச் சாலை திறந்தது இந்தத் தடையை நீக்கியது. அங்கே இறக்கும் விலங்குகள் அறுவை மருத்துவர்களின் ராயல் கல்லூரியில் பணியாற்றிய ரிச்சர்ட் ஓவனிடம் ஆய்வுக்கு வந்தன. புதிதாக இறந்த கங்காருவின் மூளையையும் வொம்பாட்டின் மூளையையும் கெடுவதற்கு முன்பே வெளியே எடுத்துப் பார்க்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது.

ஓவன் வொம்பாட்டின் மூளையைப் பீவரின் மூளையோடு ஒப்பிட்டார். இரண்டும் தாவரம் தின்பவை, கொறிபற்கள் உடையவை. ஒன்று பைப்பாலூட்டி, மற்றது நஞ்சுக்கொடிப் பாலூட்டி. மூளையை மேலிருந்து பார்த்து, பெருமூளையின் இரு பாதிகளையும் விரலால் மெல்ல விலக்கினால் பீவரில் பிளவின் அடியில் வெண்ணிறப் பட்டை ஒன்று குறுக்கே தெரியும். அதுவே கார்பஸ் கலோசம். அதை வெட்டினால்தான் அடியில் உள்ள பகுதிகளைக் காண முடியும். வொம்பாட்டில் பாதிகளை விலக்கிய உடனே அடிப்பகுதிகள் வெளிப்பட்டுவிட்டன. குறுக்கே இருந்தது ஹிப்போகேம்பஸ் என்ற நினைவுப் பகுதிகளை இணைக்கும் சிறு கட்டு மட்டுமே. மூளையின் அடிப்புறத்தில், முன் இணைப்பு எனப்படும் உருண்டையான நரம்பிழைக் கற்றை பீவரில் உள்ளதைவிடப் பெரிதாக இருந்தது.

1837இல் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் ஓவன் தம் முடிவை வெளியிட்டார். பைப்பாலூட்டிகளுக்குக் கார்பஸ் கலோசம் இல்லை என்றார் அவர். இருபது ஆண்டுகள் கழித்து, 1857இல், பாலூட்டிகள் முழுவதையும் மூளையின் அடிப்படையில் நான்கு பிரிவுகளாக வகுத்தபோது இந்தக் கண்டுபிடிப்பையே அடித்தளமாக்கினார். மூளைப் பாதிகள் தளர்வாக இணைந்த பைப்பாலூட்டிகளும் முட்டையிடும் பாலூட்டிகளும் கீழ்ப்பிரிவில் இடம்பெற்றன. அதற்கு மேல் மழமழப்பான மூளை உடையவை, அதற்கு மேல் மடிப்புகள் நிறைந்த மூளை உடையவை என்று வரிசை ஏறியது. உச்சியில் மனிதன் மட்டும் தனிப்பிரிவாக நின்றான். பைப்பாலூட்டியின் மூளையைப் படிக்கட்டின் அடியில் வைக்கும் வழக்கத்துக்கு அறிவியல் வடிவம் கொடுத்தது இந்த வகைப்பாடுதான்.

ஹக்ஸ்லியும் ஃபிளவரும்

மனித மூளைக்கும் குரங்கு மூளைக்கும் அடிப்படை வேறுபாடு உண்டு என்று ஓவன் சொன்னதை 1860களின் தொடக்கத்தில் மிகக் கடுமையாக எதிர்த்தவர் தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி. ஆனால் பைப்பாலூட்டிகள் விஷயத்தில் ஓவன் கண்டதை அவர் ஏற்றார். 1863இல் வெளிவந்த மனிதனின் இடம் பற்றிய தம் நூலில், முதுகெலும்பிகளின் மூளையில் இயற்கை செய்த மிகப் பெரிய பாய்ச்சல் கார்பஸ் கலோசத்தின் தோற்றம்தான் என்று எழுதினார். மனிதனுக்கும் மனிதக் குரங்குக்கும் இடையே உள்ள வேறுபாடு அதற்கு முன் மிகச் சிறியது என்பது அவர் வாதம். இவ்வாறு எதிரெதிர் அணியில் நின்ற இருவரும் பைப்பாலூட்டியின் மூளையைத் தத்தம் வாதத்துக்குச் சான்றாக்கினர்.

பைப்பாலூட்டிகளுக்குக் கார்பஸ் கலோசம் இல்லை என்ற கருத்தை 1865இல் வில்லியம் ஹென்றி ஃபிளவர் மறுத்தார். ஓவன் முன்பு பணியாற்றிய அதே கல்லூரி அருங்காட்சியகத்தின் பொறுப்பாளர் அவர். மூளையை நடுக்கோட்டில் நெடுக்காக வெட்டிப் பார்த்து, பைப்பாலூட்டிகளில் மேற்புறம் தெரியும் சிறிய இணைப்பின் ஒரு பகுதி கார்பஸ் கலோசமே, அளவில் மட்டும் சிறுத்துள்ளது என்று அவர் வாதிட்டார். அப்படியானால் பாய்ச்சல் எதுவும் நடக்கவில்லை, படிப்படியான வளர்ச்சியே நடந்தது என்றாகும். பரிணாமக் கொள்கையை ஏற்றவர்கள் பலருக்கு இது உவப்பாக இருந்தது. ஃபிளவரின் கருத்தே அடுத்த கால் நூற்றாண்டு பாடநூல்களில் நிலைத்தது.

வெறும் கண்ணாலும் கத்தியாலும் இந்த வழக்கைத் தீர்க்க முடியவில்லை. வெட்டுமுகத்தில் தெரியும் வெண்ணிறப் புள்ளி ஹிப்போகேம்பஸிலிருந்து வருகிறதா, பெருமூளைப் புறணியின் மற்றப் பகுதிகளிலிருந்து வருகிறதா என்பதைப் பொறுத்தே விடை அமையும். அதற்கு இழைகளைத் தொடக்கம் முதல் முடிவு வரை பின்தொடர வேண்டும். 1884இல் கார்ல் வைகெர்ட் கண்டறிந்த சாயம், நரம்பிழைகளின் உறையை மட்டும் கருநீலமாக்கிக் காட்டியது. மூளையை மிக மெல்லிய சீவல்களாக வரிசையாக வெட்டும் கருவியும் அந்தக் காலத்தில் பரவியது. இவ்விரண்டும் சேர்ந்து இழைகளின் பாதையைக் காட்டின.

இந்த முறைகள் வந்த பின், 1892இல் ஜான்சன் சிமிங்டன், பைப்பாலூட்டிகளின் மேல் இணைப்பில் உள்ள இழைகள் ஹிப்போகேம்பஸுக்கு உரியவை என்று எழுதினார். ஓவன் சொன்னதே சரி. ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் வெறும் கண்ணால் கண்டது நுண்ணோக்கியில் உறுதிப்பட்ட அதே ஆண்டு டிசம்பரில் ஓவன் தம் 88ஆம் வயதில் காலமானார்.

சிட்னியில் நடந்த ஆய்வுகள்

அதுவரை ஆஸ்திரேலிய விலங்குகளை ஐரோப்பாவில் இருந்தவர்களே பெரும்பாலும் ஆராய்ந்தனர். 1890களில் நிலை மாறியது. சிட்னி பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் பேராசிரியர் ஜேம்ஸ் தாமஸ் வில்சனைச் சுற்றி இளம் ஆய்வாளர் குழு ஒன்று உருவாயிற்று. நியூ சவுத் வேல்ஸின் கிராஃப்டன் ஊரில் 1871இல் பிறந்த கிராஃப்டன் எலியட் ஸ்மித் அவர்களில் ஒருவர். பைப்பாலூட்டிகள், முட்டையிடும் பாலூட்டிகள் ஆகியவற்றின் மூளையமைப்பே 1895இல் அவர் பெற்ற மருத்துவ முனைவர் பட்டத்தின் பொருள். காட்டிலிருந்து வந்த புதிய மூளைகள் கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்தது, லண்டன் ஆய்வாளர்களுக்கு வாய்க்காத வசதி.

எலியட் ஸ்மித் சிமிங்டனின் முடிவை உறுதிசெய்து, அடுத்த கேள்விக்கும் விடை தந்தார். கார்பஸ் கலோசம் இல்லாத மூளையில் இடமும் வலமும் எப்படித் தொடர்பு கொள்கின்றன? நஞ்சுக்கொடிப் பாலூட்டியில் கார்பஸ் கலோசம் வழியே மேலே கடக்கும் புறணி இழைகள், பைப்பாலூட்டியில் கீழே இறங்கி முன் இணைப்பு வழியே எதிர்ப்பக்கம் சேர்கின்றன. ஓவன் பார்த்த முன் இணைப்பு அவ்வளவு பெரிதாக இருந்ததற்கு இதுவே காரணம். அமெரிக்க ஒப்போசத்திலும் ஆஸ்திரேலியாவின் ஊனுண்ணும் பைப்பாலூட்டிகளிலும் இந்த இழைகள் மூளையின் வெளிப்புறமாக நீண்ட சுற்றுப் பாதையில் இறங்குகின்றன. கங்காரு, கோலா, வொம்பாட், பாஸம் ஆகியவை அடங்கிய பிரிவில் மட்டும் இழைகளில் ஒரு கற்றை மூளையின் உட்பகுதி வழியே நேராக இறங்கி முன் இணைப்பை அடைகிறது. 1902இல் எலியட் ஸ்மித் விவரித்த இந்தக் குறுக்குப் பாதை வேறு எந்த விலங்குப் பிரிவிலும் இல்லை. பல்லையும் கால்விரலையும் வைத்து விலங்கியலாளர் வகுத்திருந்த பிரிவுக்கு மூளைக்குள்ளிருந்தே ஒரு தனி அடையாளம் கிடைத்தது.

அதே குழுவைச் சேர்ந்த ஜேம்ஸ் பீட்டர் ஹில், பாண்டிகூட் என்ற சிறிய பைப்பாலூட்டியில் நஞ்சுக்கொடி இருப்பதை 1895இல் அறிவித்தார். இரு கிளைகளுக்கும் நடுவே வரையப்பட்டிருந்த கோடு நினைத்த அளவு கூர்மையானதல்ல என்பதற்கு அது ஓர் எச்சரிக்கை.

படிக்கட்டுக் கொள்கை

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் மூளைப் பரிணாமம் ஏணியாகவே கற்பிக்கப்பட்டது. மீன், தவளை, பல்லி, பைப்பாலூட்டி, பூனை, குரங்கு, மனிதன் என்று ஒவ்வொரு படியிலும் ஏதோ ஒன்று சேர்கிறது என்பது அதன் சாரம். இந்த ஏணியில் அமெரிக்க ஒப்போசத்துக்கு ஆதிப் பாலூட்டியின் உயிருள்ள மாதிரி என்ற இடம் கிடைத்தது. அமெரிக்க ஆய்வகங்களில் எளிதில் கிடைத்த விலங்கு என்பதால் அதன் மூளையைப் பற்றி ஏராளமான கட்டுரைகள் வந்தன. ஒப்போசத்தில் ஒன்று இல்லையென்றால் ஆதிப் பாலூட்டியிலும் அது இருந்திருக்காது என்று தயக்கமின்றி எழுதப்பட்டது.

1963இல் ரிச்சர்ட் லெண்டே வெளியிட்ட ஆய்வு இந்தக் கருத்துக்கு வலுவூட்டியது. மனிதனிலும் குரங்கிலும் தொடுவுணர்வைப் பெறும் புறணிப் பகுதியும் தசைகளை இயக்கும் புறணிப் பகுதியும் அடுத்தடுத்து, தனித்தனியே உள்ளன. ஒப்போசத்தின் புறணியில் மின்தூண்டல் கொடுத்தும், தோலைத் தொட்டு மூளையின் மின்மாற்றத்தைப் பதிந்தும் லெண்டே பார்த்தபோது, இரண்டு வரைபடங்களும் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்தன. முகத்தை உணரும் இடமே முகத்தை அசைக்கும் இடமாகவும் இருந்தது. புறணியிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் இயக்க நரம்பிழைகளும் ஆராயப்பட்ட பைப்பாலூட்டிகளில் பெரும்பாலும் மார்புப் பகுதியைத் தாண்டவில்லை. முன்னங்கால்களின் நுண்ணிய அசைவுக்கு அது போதும், பின்னங்கால்கள் மூளைத்தண்டு வழியே இயங்குகின்றன.

இவை கவனமாகப் பெறப்பட்ட தகவல்கள், பின்வந்த சோதனைகளிலும் பெருமளவு நிலைத்தவை. அவற்றை ஏணியின் படிகளாகப் படித்ததுதான் கேள்விக்குள்ளானது. 1969இல் வில்லியம் ஹோடோஸ், சி. பி. ஜி. கேம்பெல் ஆகியோர் விலங்கு உளவியலில் நிலவிய ஏணிக் கண்ணோட்டத்தைக் கடுமையாக விமர்சித்தனர். இன்று வாழும் எந்த விலங்கும் இன்னொன்றின் மூதாதை அல்ல என்று அவர்கள் நினைவூட்டினர். ஒப்போசத்தின் மூளையும் மனிதனின் மூளையும் பொது மூதாதையிடமிருந்து பிரிந்து ஒரே அளவு காலம் பரிணமித்தவை. இந்த எளிய உண்மை பாடநூல்களுக்குள் நுழைய மேலும் பல ஆண்டுகள் ஆயின.

அளவு பற்றிய கணக்கு

பைப்பாலூட்டிகளின் மூளை சிறியது என்ற கருத்து அமைப்பைப் பற்றிய வழக்கோடு சேர்ந்தே வளர்ந்தது. வர்ஜீனியா ஒப்போசத்தின் மூளை ஏறத்தாழ 6 கிராம். அதே உடல் எடையுள்ள வீட்டுப் பூனையின் மூளை 25 முதல் 30 கிராம் வரை இருக்கும். இந்த ஒரு ஒப்பீடே பலருக்குப் போதுமானதாக இருந்தது.

உடல் பெருக்கும்போது மூளை அதே விகிதத்தில் பெருக்காது என்பதை 1890களில் ஓட்டோ ஸ்னெல், யூஜின் துபுவா ஆகியோர் கணிதமாக்கினர். 1973இல் ஹாரி ஜெரிசன் அதை வளர்த்து, ஒரு விலங்கின் உடல் எடைக்கு எதிர்பார்க்கும் மூளையளவோடு அதன் உண்மையான மூளையளவை ஒப்பிடும் ஈவைப் புகழ்பெறச் செய்தார். சராசரிப் பாலூட்டிக்கு அது 1, மனிதனுக்கு 7க்கும் மேல். பைப்பாலூட்டிகளுக்கு எடுத்துக்காட்டாகப் பெரும்பாலும் ஒப்போசமே பட்டியலில் இடம்பெற்றது. அதன் குறைந்த மதிப்பு முழுக் கிளையின் மதிப்பாக நினைக்கப்பட்டது.

கோலாவின் வரலாறு அளவீடு எவ்வளவு கவனத்தைக் கோருகிறது என்பதைக் காட்டுகிறது. கோலாவின் மூளை சராசரியாக 19 கிராம்தான், பரப்பில் மடிப்புகளும் மிகக் குறைவு. மண்டையோட்டின் உட்கொள்ளளவில் 61 சதவீதத்தை மட்டுமே மூளை நிரப்புகிறது, மிச்சம் திரவம் என்று 1980களில் எழுதப்பட்டது. யூகலிப்டஸ் இலையின் சத்துக்குறைவால் மூளை சுருங்கிவிட்டது என்ற விளக்கமும் பரவியது. 2006இல் உயிருள்ள கோலாவை எம்.ஆர்.ஐ. கருவியில் வைத்துப் பார்த்தபோது மூளை ஏறத்தாழ 80 சதவீத இடத்தை நிரப்பியிருந்தது. மற்றப் பாலூட்டிகளுக்கு அது வியப்பான அளவல்ல. பாதுகாப்புத் திரவத்தில் ஊறிய மூளை சுருங்கும் என்பதே பழைய எண்ணுக்குக் காரணம். கோலாவின் மூளை உடலளவுக்குச் சிறியது என்பது உண்மை, மண்டையோடு பாதி காலியாக இருக்கிறது என்ற கதைக்கு ஆதாரம் இல்லை.

பல இனங்களின் மண்டையோடுகளை அளந்து பெரிய தொகுப்புகள் உருவானது அண்மைக் காலத்தில்தான். 2008இல் கென் ஆஷ்வெல் ஆஸ்திரேலிய, நியூகினிப் பைப்பாலூட்டிகளின் அளவுகளை வெளியிட்டார். 2010இல் வேரா வைஸ்பெக்கர், அஞ்சலி கோஸ்வாமி ஆகியோர் இரு கிளைகளையும் விரிவாக ஒப்பிட்டனர். குரங்கினத்தை விலக்கிப் பார்த்தால், பைப்பாலூட்டிகளின் மூளை பொதுவாகச் சிறியது என்று சொல்ல இடமில்லை என்பது அவர்கள் முடிவு. சிறிய உடல் கொண்ட பைப்பாலூட்டிகள் பல, அதே அளவுள்ள நஞ்சுக்கொடிப் பாலூட்டிகளுக்குச் சமமான அல்லது கூடுதலான மூளை உடையவை. பெரிய உடல் கொண்ட இனங்களில்தான் பைப்பாலூட்டிகள் பின்தங்குகின்றன. மரப்பட்டைக்குள் இருக்கும் புழுக்களை நீண்ட விரலால் தோண்டி எடுக்கும் வரிப்பாஸம், உடலளவோடு ஒப்பிட்டால் பைப்பாலூட்டிகளில் மிகப் பெரிய மூளைகளில் ஒன்றை உடையது.

பைக்குள் வளரும் மூளை

அளவுக்கும் அமைப்புக்கும் பின்னால் இனப்பெருக்க முறை உள்ளது. செங்கங்காருவின் கர்ப்பகாலம் ஏறத்தாழ 33 நாள். பிறக்கும் குட்டி ஒரு கிராம்கூட இருக்காது. அந்த நிலையில் முன்னங்கால்களை இயக்கும் பகுதியும் மூளைத்தண்டும் மட்டுமே வேலை செய்யும் அளவுக்கு முதிர்ந்திருக்கின்றன. அவற்றைக் கொண்டு குட்டி தாயின் ரோமத்தைப் பற்றி ஏறிப் பையை அடைந்து காம்பைக் கவ்விக்கொள்கிறது. பெருமூளைப் புறணியின் அடுக்குகள் பிறகுதான், பைக்குள் பல மாதங்களில், பாலைக் கொண்டு உருவாகின்றன. நஞ்சுக்கொடிப் பாலூட்டியின் மூளை வளர்ச்சியில் தாயின் வளர்சிதை வேகம் பெரும் பங்கு வகிக்கிறது. பைப்பாலூட்டியில் அத்தகைய தொடர்பு தென்படவில்லை. தாய் எவ்வளவு காலம் குட்டியைப் பேணுகிறாள், ஓர் ஈற்றில் எத்தனை குட்டி என்பவையே மூளையளவோடு தொடர்புடையவையாக ஆய்வுகளில் வெளிப்பட்டன.

மற்ற விலங்குகளில் கருப்பைக்குள் மறைந்து நடப்பது இங்கே வெளியே நடப்பதால், மூளை வளர்ச்சியைக் காண ஆய்வாளர்கள் பைப்பாலூட்டிகளை நாடினர். 1990களின் தொடக்கத்தில் ஜான் நிக்கோல்ஸ் குழுவினர், பிறந்த ஒப்போசம் குட்டியின் நரம்பு மண்டலத்தைக் கண்ணாடிக் கலத்தில் உயிரோடு வைத்து, அறுபட்ட தண்டுவட இழைகள் மீண்டும் வளர்வதைக் காட்டினர். தாழ்ந்த படி என்று ஒதுக்கப்பட்ட விலங்கு நரம்பியலின் முக்கியமான கேள்வி ஒன்றுக்கு வழி திறந்தது.

ஓவன் தொடங்கிய கேள்விக்கு 2018இல் முக்கியமான விடை வந்தது. குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோட்ரிகோ சுவாரெஸ், லிண்டா ரிச்சர்ட்ஸ் முதலியோர், டன்னார்ட் என்ற எலியளவுப் பைப்பாலூட்டியின் மூளையிலும் பிளாட்டிபஸின் மூளையிலும் இடவல இணைப்புகளை வரைபடமாக்கினர். புறணியின் எந்த இடம் எதிர்ப்பக்கத்தில் எந்த இடத்தோடு இணைகிறது என்ற ஒழுங்கு, கார்பஸ் கலோசம் உள்ள மூளைகளில் இருப்பதை ஒத்திருந்தது. கார்பஸ் கலோசம் தோன்றுவதற்கு முன்பே இந்த இணைப்புத் திட்டம் பாலூட்டிகளின் மூதாதையிடம் இருந்திருக்க வேண்டும். நஞ்சுக்கொடிப் பாலூட்டிகளில் பழைய திட்டத்துக்குப் புதிய பாதை கிடைத்தது.

மனிதரிலும் ஏறத்தாழ 4,000 பேரில் ஒருவர் கார்பஸ் கலோசம் இன்றிப் பிறக்கிறார். அவர்களில் சிலருக்கு அன்றாட வாழ்வில் பெரிய குறை தெரிவதில்லை. மாற்றுப் பாதை எப்படி உருவாகிறது என்பதை அறியப் பைப்பாலூட்டியின் மூளை இப்போது துணை செய்கிறது.

காலம் கடந்த ஆய்வும் ஒன்று நடந்தது. 1936இல் ஹோபார்ட் விலங்குக்காட்சிச் சாலையில் கடைசி விலங்கு இறந்ததோடு டாஸ்மேனியப் புலி என்ற பைப்பாலூட்டி இனம் அற்றுப்போயிற்று. நூறாண்டுக்கு முன் திரவத்தில் இட்டுவைத்த அதன் இரண்டு மூளைகளைக் கிரகரி பெர்ன்ஸும் கென் ஆஷ்வெல்லும் எம்.ஆர்.ஐ. மூலம் ஆராய்ந்து 2017இல் வெளியிட்டனர். அதன் நரம்புப் பாதைகளை டாஸ்மேனியப் பேய் என்ற மற்றொரு பைப்பாலூட்டியின் பாதைகளோடு ஒப்பிட்டு, வேட்டையாடும் விலங்குக்கு உரிய திட்டமிடும் பகுதிகள் டாஸ்மேனியப் புலியில் கூடுதலாக வளர்ந்திருந்தன என்று அவர்கள் கண்டனர். உயிரோடு இருந்தபோது அந்த விலங்கை மந்தமானது என்று சொன்னவர்கள் பலர்.

ஓவன் கண்ட வேறுபாடு இன்றும் நிற்கிறது. பைப்பாலூட்டிக்குக் கார்பஸ் கலோசம் இல்லை, பெரிய இனங்களின் மூளை சற்றுச் சிறியது, தொடுவுணர்வும் இயக்கமும் ஒப்போசத்தின் புறணியில் ஓரிடத்தில் அமைகின்றன. இவற்றிலிருந்து தாழ்வு என்று எடுத்த முடிவுக்குச் சான்று இல்லை. 16 கோடி ஆண்டுகளாகத் தனக்குரிய வழியில் வளர்ந்த முழுமையான பாலூட்டி மூளையாகவே அதைப் பாடநூல்கள் இனி எழுத வேண்டும்.